வாப்பா பின்சீட்டை அளந்தது

வாப்பா கார் மாற்றப் போகிறார் என்பதை எனக்கு வாப்பா சொல்லவில்லை. கடையில் வேலை பார்க்கிற, நான் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன்தான் சொன்னார். மதியச் சோற்றைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தபோது, துணிக்கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "என்ன தங்கச்சி, ஜெர்மன் வண்டி வருதாமே. எங்கள எல்லாம் கிட்ட நிக்க விடுவியளா?" என்றார்.

எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்துவைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். மூடி அவ்வளவு இறுக்கமாக இருக்காது. அன்றைக்குத் திறக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

துபாயில், தேராவில் வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு துணிக்கடை. பெண்கள் மேலே போடுகிற அபாயா தைக்கிற கறுப்புத் துணி மட்டும்தான் விற்போம். கறுப்பிலேயே இத்தனை வகை இருக்கிறது என்று ஊரில் இருந்தவரை எனக்குத் தெரியாது. கடைக்குச் சோறு கொண்டுபோவது உம்மாவின் வேலையாக இருந்தது. உம்மா நோன்புக்கு முன்னால் மௌத்தாகிப் போனார்கள். இப்போது அது என் வேலை.

நான் பத்தாவதோடு நின்றவள். உம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் ஊரிலிருந்து என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்த பிறகு வீடும் ஆஸ்பத்திரியும்தான். மருந்துச் சீட்டில் உள்ள ஆங்கிலம் எல்லாம் படிப்பேன். வேறு எந்த ஆங்கிலமும் வராது.

எங்களிடம் இருந்தது பழைய ஜப்பான் கார். வெள்ளை நிறம். ஏசி போட்டால் முதலில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் காற்று வரும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது உம்மா பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துக் காலை மடக்கிப் படுத்துக்கொள்வார்கள். பல தடவை அதிலேயே வாந்தி எடுத்திருக்கிறார்கள். எத்தனை தேய்த்தும் சீட்டில் ஒரு கறை போகவே இல்லை. உம்மாவின் தைலவாசமும் அதில் இருந்தது. வீட்டில் எல்லா இடத்திலும் வாசம் போய்விட்டது. துவைத்தோம், துடைத்தோம், போய்விட்டது. காரில் மட்டும் கதவைத் திறந்தால் கொஞ்சம் வரும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பா சோனாப்பூர் பக்கம் உம்மாவை அடக்கியிருக்கிற கபர்ஸ்தானுக்குப் போவார். அவர் உள்ளே போவார், நான் காரிலேயே இருப்பேன். ஜனாசாவை அடக்கிய அன்றைக்கும் நான் போகவில்லை. எங்கள் பெண்கள் போவதில்லை. அதனால் எனக்கு உம்மாவின் கபர் என்றால் அந்தக் கார்தான். அதைத்தான் விற்கப் போகிறார்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. தாடிக்கு மருதாணி போட்டிருந்தார். உம்மா இருந்தவரை, "போடுங்களேன், கிழவன் மாதிரி இருக்கு" என்று எத்தனையோ தடவை சொல்லியும் போடாதவர். அலமாரியில் புதுச் சட்டை இருந்தது. ஊரிலிருந்து மாமி, அதாவது வாப்பா லாத்தா என்று கூப்பிடுகிற அவருடைய அக்கா, அடிக்கடி போன் செய்தார். முன்பெல்லாம் மாமி போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். இப்போது வாப்பா எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கண்ணாடிக் கதவு, முழுசாகச் சாத்தாது. ஒரு தடவை துணி எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன். "இல்ல லாத்தா, புள்ளைட்ட இன்னும் சொல்லல. அவ எப்படி எடுத்துக்குவாளோ" என்றார்.

ஒரு ஆம்பிளைக்கு மகளிடம் சொல்லக் கூச்சமான விஷயம் எத்தனை இருக்க முடியும்?

அடுத்த ஃப்ளாட்டில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் கணவருக்கு பேங்க் வேலை. எனக்கு இங்கே பேச அவர்தான். அவரிடம் சொன்னேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"தாடிக்குக் கலர், புதுச் சட்டை, புதுக் காரு. இதுக்கு மேல என்ன கண்ணு வேணும் உனக்கு?"

"வாப்பா அப்படி இல்லக்கா."

"அப்படி ஆகற வரைக்கும் யாரும் அப்படி இல்லதான். எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ்ல ஒருத்தர், சம்சாரம் போயி வருசம் திரும்பறதுக்குள்ள ஜிம்முல சேர்ந்தாரு. எல்லாரும் சுகர்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. ரிசப்ஷன்ல பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா கொத்தமல்லியை ஒதுக்கிவைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை வாப்பா, "சும்மா பாத்துட்டு வருவோம் வா" என்று ஷேக் சாயித் ரோட்டில் இருக்கிற ஒரு ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே தரை அப்படி மின்னியது. செருப்பைக் கழற்றணுமோ என்று நினைத்தேன். இரண்டு வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஜீப் மாதிரி உயரம், ஆனால் ஜீப் மாதிரி முரடு இல்லை. முன்னால் நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம், அக்கா தங்கை மாதிரி. பக்கவாட்டில் போனால்தான் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று தெரிகிறது.

விற்கிறவர் மலையாளி. வாப்பாவைப் பார்த்ததுமே அண்ணன் முறைக்கு இக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இக்கா, ஃபேமிலி எத்தனை பேரு?"

"நாலு பேரு" என்றார் வாப்பா.

நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் அவரும் நானும்தான். கூடப்பிறந்தது எனக்கு யாரும் இல்லை.

"நாலு பேருன்னா சின்னதே போதும் இக்கா. பார்க்கிங் ஈஸி. தேராவில பெருசு வச்சுட்டு எங்க நிறுத்துவீங்க?"

வாப்பா ஜிப்பா பையிலிருந்து டேப்பை எடுத்தார். கடையில் துணி அளக்கிற டேப். வாடிக்கையாளர் அளவு சந்தேகப்பட்டால் அவர்கள் கண் முன்னாலேயே அளந்துகாட்டுவதற்காக எப்போதும் வைத்திருப்பார். சின்ன வண்டியின் பின்கதவைத் திறந்து சீட்டை அளந்தார். பெரியதில் ஏறி அதையும் அளந்தார். என்னை உட்காரவைத்து என் முழங்காலிலிருந்து முன்சீட்டு வரை அளந்தார். "சின்னதுல சீட்டு ஒன்றரைக் கஜம்கூட இல்ல" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி. விற்கிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இக்கா, இதை யாரும் கஜத்தில கேட்டதில்ல" என்றார்.

எனக்கு அதைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. வாப்பா இரண்டு வண்டியிலும் ஸ்டியரிங் பக்கம் உட்காரவே இல்லை. இங்கே ஸ்டியரிங் இடது பக்கம். அவர் வலது பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்து, சாய்ந்து, வெளியே பார்த்தார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று சாவியை நீட்டியபோது, "வேணாம், இங்கேயே நல்லா இருக்கு" என்றார். ஆயுசு பூராவும் ஓட்டின மனுஷன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. அப்போ ஓட்டப்போவது யார்?

திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன். "யாரு வாப்பா நாலு பேரு?"

"சும்மா சொன்னேன். ரெண்டு பேருன்னா அவன் சின்னதத் தலைல கட்டிருவான்."

"அவரு சின்னதத்தான் கட்டப் பாத்தாரு."

வாப்பா ரேடியோவைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது எனக்குப் பொறி தட்டியது. ஷார்ஜா மாமி. எங்கள் ஊர்க்காரர், புருஷன் மௌத்தாகி ரொம்ப நாளாகிறது. ஷார்ஜாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். ஒரு மகன் உண்டு என்று கேள்வி, நான் பார்த்ததில்லை. உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்களில் அவரும் ஒருவர். அன்றைக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வாப்பா, நான், ஷார்ஜா மாமி, அவர் மகன். நாலு. ஓட்டத் தெரிந்த ஆளும் கிடைத்துவிட்டது. பின்சீட்டில் நானும் அந்தப் பையனும். அதற்குத்தான் முழங்கால் அளவு.

உம்மாவைக் குளிப்பாட்டின கை. அதை நினைக்க நினைக்கக் குழாயை மூடாமல் நின்றேன்.

அடுத்த வாரம் பூராவும் வாப்பாவைக் கவனித்தேன். அவர் சாதாரணமாகச் சிரித்தாலும் எனக்குக் காரணம் தேடத் தோன்றியது. இரண்டு வண்டியின் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்னது கைக்கு அடக்கமா இருக்கும். ஆனா பெருசுல ஏறி எறங்குறவங்களுக்கு மரியாதையா இருக்கும்" என்றார். யாருக்கு மரியாதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

மறுபடி சனிக்கிழமை. "இன்னைக்கு முடிவு பண்ணிருவோம். நல்ல உடுப்பா போட்டுக்கோ" என்றார். கார் பார்க்க எதற்கு நல்ல உடுப்பு? வேண்டுமென்றே பழைய அபாயாவைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

ஷோரூமில் பெரிய வண்டிக்குப் பக்கத்தில் ஷார்ஜா மாமி நின்றுகொண்டிருந்தார்.

நினைத்தது சரியாகப் போனால் சந்தோஷமாக இருக்கும் என்பார்கள். எனக்குத் திரும்பி வாசலுக்கே போய்விடலாம் போல இருந்தது. வாப்பா சலாம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பேசிட்டு இருங்க" என்று விற்கிறவரோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாமி பெரிய வண்டியின் பின்கதவைத் திறந்து, "ஏறு புள்ள, ஒக்காந்து பேசுவோம்" என்றார். ஏறினேன். அவரும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். வெளியே இருந்த சத்தம் எல்லாம் நின்றுபோனது. புதுத் தோல் வாசத்தில் தலை வலித்தது.

"எளச்சிப் போயிட்டியே. சாப்புடுறியா ஒழுங்கா?"

"ம்."

"தூக்கம் வருதா?"

"ம்."

"ஆக்குறது எல்லாம் நீதானா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, ஒனக்கு எது புடிச்சிருக்கு? வாப்பா பெருசுங்குறாவ. எனக்கு என்னமோ சின்னதே போதும்னு படுது."

இவருக்கு எது படுகிறது என்று யார் கேட்டது? கையை உருவிக்கொண்டேன். ஒரு வாரமாக அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டது.

"எத வாங்குனாலும் நீங்க எங்க வூட்டுக்கு வர வேணாம் மாமி. உம்மா எடத்துக்கு யாரும் வர வேணாம். வாப்பாட்ட நானே சொல்லிக்கிறேன்."

மாமி என்னையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு, "நா எதுக்குப் புள்ள வாறேன்? எம் மவன்லா வாறான்" என்றார்.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நிக்காஹ் முடிந்ததும் மாமனார் வீட்டில் ஒரு அறை கொடுப்பார்கள், அங்கேயே இருப்பார். அதுதான் வழக்கம். எங்கள் உம்மா வீட்டுக்கு வாப்பா வந்ததும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தேன். எனக்காக வரப்போகிறார் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மாமிக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஓ வாப்பாவுக்கா? எனக்கா? ஏ ரப்பே, எம் மவன் கேட்டான்னா வேலைக்குப் போவாம வுழுந்து கெடந்து சிரிப்பான்." நாங்கள் உள்ளே அழுகிறோம் என்று நினைத்து விற்கிறவர் கண்ணாடியைத் தட்டி, பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபிக் காப்பியும் நீட்டினார். மாமி ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் வேறு மாதிரி ஆனது. "அன்னைக்கு ஓ உம்மாவக் குளிப்பாட்டும்போது நீ தண்ணி ஊத்துனல்ல. பெரிய பொம்பளையளுக்கே கை நடுங்கும். ஒனக்கு நடுங்கல. அன்னைக்கே பாத்து வச்சேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்படி இருக்கவில்லை. உம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு இவர் மருமகள் பார்த்திருக்கிறார். நான் உம்மாவின் காதில் தண்ணீர் போய்விடக் கூடாதே என்று கையை அணைகொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மையித்துக்குத் தண்ணீர் போனால் என்ன என்று அப்போது தோன்றவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் என்னை எடைபோட்டிருக்கிறார். வாயில் இருந்த பேரீச்சம்பழத்தோடு கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

வாப்பாவும் பின்னாலேயே வந்தார். வெளியே எங்கள் பழைய கார் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து ஏசி போட்டார். அது தும்மி முடித்ததும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"லாத்தா போன்ல சொல்லுவான்னு இருந்தேன். அவ என்னடான்னா நான் சொல்லிட்டேன்னு நெனச்சிட்டு இருந்திருக்கா."

"நீங்க சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்ல? இதெல்லாம் ஓ உம்மாதான பேசணும்." அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒன்றும் இல்லை. "நா எங்க வாப்பாட்ட கல்யாணத்தப் பத்திப் பேசுனதே கெடையாது. அவ்வொளும் பேசுனதில்ல. வாயத் தொறந்தாலே வார்த்த வரல எனக்கு."

"அப்ப நாலு பேருன்னது?"

"அவரு, நீ, நானு."

"அது மூணுதான் வாப்பா."

அவர் காது சிவந்துவிட்டது. "அது... அல்லா கொடுத்தா பொறவு ஒண்ணு வராதா?"

மருதாணி, சட்டை எல்லாம் சம்பந்தக்காரர் வீட்டுக்கு முன்னால் கிழவனாகத் தெரியக் கூடாது என்றுதான். வலது பக்கம் உட்கார்ந்து பார்த்தது மருமகன் ஓட்டும்போது தான் எங்கே உட்காருவேன் என்று பார்க்க. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாம் பொருந்திவந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் நான் கூட்டிய கணக்கும் இதே மாதிரிதான் பொருந்திவந்தது. அதனால் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

"எனக்கு முடிச்சுட்டா, பொறவு நீங்க பண்ணிக்குவீங்களா?"

வாப்பா ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் நிறைய லேபர் கேம்ப் ஆட்கள் போனார்கள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு. அது போய் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இப்ப அந்த நெனப்பே இல்ல. பின்னால எப்படியோ, தெரியல புள்ள."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் தாடி ஓரத்தில் மருதாணி சரியாகப் பிடிக்காமல் வெள்ளையாகவே நின்றது. உம்மா இருந்தால் இழுத்து உட்காரவைத்து மறுபடி பூசியிருப்பார்கள். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் போன் பேசினால் கதவுப் பக்கம் போகத் தோன்றவில்லை.

ஷார்ஜா மாமி கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளே போன் செய்தார். வாப்பாவிடம், "வாயுள்ள புள்ள, எம் மவனுக்கு இப்படித்தான் வேணும்" என்றாராம். வாப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு, என்ன சொல்ல என்று என்னிடம் கேட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவை. உம்மாவுக்கு வருஷம் திரும்பட்டும், அதுவரை யாரும் ஒன்றும் பேச வேண்டாம் என்றேன். அப்படியே சொன்னார். மாமி சரி என்றார்.

வண்டி சின்னதே வாங்கினோம். யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாமல் இடம் வாங்கிப்போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வாப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய காரைக் கொடுக்கப் போகிற அன்று, பின்சீட்டில் கொஞ்ச நேரம் நான் படுத்திருந்தேன், உம்மா மாதிரி காலை மடக்கி. வாப்பா வெளியே நின்றுகொண்டு வாங்க வந்தவரிடம் என்னென்னவோ பேசி நேரம் கடத்திக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் அவசரப்படுத்தவில்லை.

போன வாரம் ஷார்ஜா மாமி, "சும்மா பாத்து வச்சுக்கோ" என்று மகனின் படத்தை அனுப்பினார். ஜெபல் அலியில் கோடவுனில் சூப்பர்வைசராம். பார்க்க மோசமில்லை. ஒரு பெரிய கறுப்புக் காரின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். கார் கதவில் கை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் அது அவருடைய கார் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஊர் மாமியிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.